பரோட்டா வாத்தியாரும் பத்து பர்சன்ட்டும்

ஆடிட்டர் ஆபீசு முன் ரூம்புல நாலு பிளாஸ்டிக் சேரு கெடக்கு, அதுல கால் ஆடாத ஒரே சேருல சோணைமுத்து உக்காந்து இருவது நிமிசமாச்சு. மடியில கட்டப்பை, கட்டப்பைக்குள்ள ஒரு வருசத்து பில்லு, பைக்கு மேல அவன் ரெண்டு கையி. அந்தக் கையி சும்மா இருக்கா, பைய மாவுன்னு நெனச்சுப் பெசஞ்சுக்கிட்டே கெடக்கு. நிறுத்துறான். ரெண்டு நிமிசம் நிக்குது, அப்புறம் கட்டவெரலு மெல்ல ஆரம்பிக்குது, அதப் பாத்து மத்த வெரலும் சேந்துக்கிருது. இருவத்தாறு வருசம் பரோட்டாக்கு மாவு பெசஞ்ச கையி, சோறு திங்கிறப்பக்கூட உருண்டை ஒரே எடையா உருட்டுற கையி, அதுக்கு ஆடிட்டர் ஆபீசு எது அடுப்படி எதுன்னு என்ன தெரியும். எதுக்க கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால ஃபர்சானான்னு ஒரு பொண்ணு, ஆடிட்டருக்கு எல்லாக் கணக்கும் பாக்குற பொண்ணு, கம்ப்யூட்டரத் தட்டிக்கிட்டே "ஒக்காருங்கண்ணே கூப்புடுறேன்"னு சொன்னதோட சரி. ஃபேனு சுத்துது, சுத்துதுன்னு சொல்லக் கூடாது, நகருது. அந்த ஃபேனுக்கு அடியில ஒருத்தன் வேர்க்கிறான்னா அது ஃபேனு குத்தம் இல்ல, பயம். சோணைமுத்துக்குப் பயம்னா என்னான்னு தெரியும், கொதிக்கிற எண்ணெய் தெறிக்கிறப்ப ஒரு பயம் வரும், அது ஒரு நொடி, கைய ஒதறுறோம், போயிரும். இது அப்படியில்ல. இது ஒரு வாரமா வயித்துல ஊறப்போட்ட மாவு மாதிரி உப்பிக்கிட்டே வருது.

எல்லாம் அந்த மெசேஜால. போன செவ்வாக்கெழம செல்லுல டிங்குன்னு வந்துச்சு, பூரா இங்கிலீசு. அஞ்சாங்கிளாசோட பள்ளிக்கூடத்த முடிச்சுக்கிட்டவன் இங்கிலீச எப்படிப் படிப்பான், எழுத்துக் கூட்டிக் கூட்டி 'இன்கம் டாக்ஸ்' வரைக்கும் வந்துட்டான், அதுக்கு அப்புறம் கூட்டவே தெம்பு இல்ல. ஆனா நம்பருக்கு ஏது இங்கிலீசு தமிழு. பதினாலாயிரத்து நானூறு. தெளிவா, கமா போட்டு, வெளக்கு போட்ட மாதிரி நின்னுச்சு. கட்டச் சொல்றாங்ய. வேற எதுக்கு மெசேஜு அனுப்புவாங்ய, சௌக்கியமான்னு கேக்கவா? யாருகிட்டயாச்சும் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கலாம், சொல்லல. ஏன் சொல்லல? இப்ப அவன் சாரு. மூணு கேட்டரிங் காலேஜ்ல வாரத்துல ஒரு நாள் ஒரு நாள்னு பரோட்டா சொல்லிக்குடுக்கிற சாரு. சாரு போயி செல்லுல என்ன எழுதியிருக்குன்னு யாருகிட்டயும் கேப்பாரா, கேக்க மாட்டாரு, அதனால ஒரு வாரம் தூங்காம கெடப்பாரு. கனவுல நாலு பேரு பேண்ட் சட்டையில வந்து வீட்டு அரிசி டிரம்மத் தொறந்து கைய விட்டுத் தொழாவுறாங்ய, "எங்கடா வச்சிருக்க"ன்னு. அரிசிக்குள்ள அரிசிதான்யா இருக்கு, எடுத்துக்கங்கன்னு சொல்ல வாயத் தொறந்தா வாய்க்குள்ள மாவு. பதினாலாயிரத்து நானூறுக்கு அவன் எங்க போவான். அதுக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கு, அந்த வழியும் இன்னைக்குக் காலையில ஏழு மணிக்கே போனு பண்ணிருச்சு.

"டேய் சோண" அப்படின்னுதான் காசிலிங்கம் மொதலாளி போன எடுத்ததும் ஆரம்பிச்சாரு. மொதலாளி பரோட்டாக் கடையில பத்தொம்பது வருசம் கல்லுல நின்னவன் சோணைமுத்து, போன வருசம்தான் வெளிய வந்தான். "என்னடா, வாத்தியார் வேல எப்படி இருக்கு, பிள்ளைக எல்லாம் ஹோம்வொர்க் பண்ணிக்கிட்டு வருதா? சிரிக்காதடா, நான் சீரியசா பேசுறேன். புதுசா வந்த மாஸ்டர் நேத்து சொல்லாம கொள்ளாம போயிட்டான். அட்வான்சு முப்பதாயிரம் தர்றேன். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து கல்லப் பத்த வையி. இல்லையா, ஆறு அஞ்சுக்கு வேற ஆளு நிப்பான், அதுக்கப்புறம் நீ என் கடைக்கு டீ குடிக்கக் கூட வரக்கூடாது." சோணைமுத்து "பாக்குறேன் மொதலாளி"ன்னான். "பாக்குறதுக்கு என்னடா இருக்கு, பத்தொம்பது வருசம் பாக்காததா"ன்னு வச்சுட்டாரு. முப்பதாயிரத்துல பதினாலாயிரத்து நானூற கெவருமெண்டுக்குக் கட்டிட்டு, மிச்சத்துக்கு ஆயுசு முழுக்க மொதலாளி கல்லுல வேகணும். அவரு தட்டு ஒடஞ்சா காசு பிடிப்பாரு, ரெண்டாவது டீக்குக் காசு பிடிப்பாரு, பரோட்டா கருகுனா காசு பிடிப்பாரு, ஒரு தடவ அடுப்புப் பக்கத்துல இருந்த காலண்டர் கருகுனதுக்கும் பிடிச்சாரு. சரி, இந்தத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஃபர்சானா என்ன சொல்றாளோ அதுதான். கட்டணும்னா ஆறு மணி, கல்லு. கட்ட வேணாம்னா... கட்ட வேணாம்னு எப்படிச் சொல்லுவா. கையி மறுபடி பெசைய ஆரம்பிச்சிருச்சு. நிறுத்துடா.

காலேஜுக்குக் கால் வச்ச அந்த மொத நாளு மட்டும் வராம இருந்திருந்தா. கடைக்கு சாப்புட வந்த ஒரு காலேஜ் பிரின்சிபாலு ரெண்டு பரோட்டாவத் தின்னுட்டு மூணாவதப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தாரு, என்னமோ தொலைச்சவரு மாதிரி. "இத எங்க பசங்களுக்கு ஒரு நாள் வந்து சொல்லிக்குடுங்க மாஸ்டர்"னாரு. போனான். உள்ள நொழஞ்சதும் நாப்பது பேரு, வெள்ளக் கோட்டு, வெள்ளத் தொப்பி, சடார்னு எந்திரிச்சு "குட் மார்னிங் சார்". சோணைமுத்து திரும்பிப் பின்னால பாத்தான், யாருடா வர்றதுன்னு. பின்னால செவுரு. செவுத்துக்கு எதுக்குடா குட் மார்னிங் சொல்றாங்யன்னு நெனச்சப்புறம்தான் ஒறைச்சுச்சு, ஒறைச்ச ஒடனே காதுக்குள்ள சுடுதண்ணி ஊத்துன மாதிரி ஆயிப்போச்சு, ஒக்காருங்கன்னு சொல்லத் தெரியல, ஒரு பய சொல்லிக்குடுக்கல. நாப்பது பேரும் நிக்கிறாங்ய, இவனும் நிக்கிறான். அப்புறம் மாவ எடுத்து ஒரு வீசு வீசுனான் பாருங்க, காத்துல விரிஞ்சு, வெளிச்சம் ஊடால தெரிய, மேசையில வந்து விழுந்துச்சு, நாப்பது பேரும் "ஓ"ன்னு கத்திட்டு அதுகளா ஒக்காந்துருச்சுக. அன்னைக்கு வீட்டுக்கு வந்து பஞ்சவர்ணத்துகிட்ட, அதான் அவன் பொண்டாட்டி, வேலைய விடப்போறேன்னு சொன்னான். "விட்டுட்டு?"ன்னா. "சாராகப் போறேன்"னான். "ஏய்யா, நீ கையெழுத்துப் போட்டா கோழி கிண்டுன மாதிரி இருக்கும், நீ சாரா"ன்னு கேட்டுட்டு, ராத்திரிச் சோறு போடுறப்ப "சாரு, ரசம் ஊத்தவா"ன்னா. பொம்பள கிண்டல் பண்ணுனாலும் அவதான் மறுநாளு ஜவுளிக் கடைக்குப் போயி ஒரு வெள்ள சட்டை எடுத்தாந்தவ. இப்ப மேல போட்டிருக்கானே, இதுதான் அது. கக்கத்துல ஈரம். வெள்ளையில வேர்வ தெரியும், தெரியட்டும்.

மொத மாசச் சம்பளம். சம்பளம்னு சொல்லக் கூடாதாம், ஃபீசாம். காலேஜுக்கு மாசம் ஆறாயிரம்னு பேச்சு. கவரு வந்துச்சு, எண்ணுனான், அஞ்சாயிரத்து நானூறு. மறுபடி எண்ணுனான். காசு எண்ணுறதுல அவன் தப்ப மாட்டான், ஒரு நாளைக்கு எண்ணூறு பரோட்டா எண்ணுனவன். அறுநூறு எங்கன்னு கேட்டா "பத்து பர்சன்ட் டிடிஎஸ் மாஸ்டர், கெவருமெண்டுக்கு வரிப் பிடித்தம், எல்லாருக்கும் பிடிக்கிறதுதான்"ங்குறாங்ய. மூணு காலேஜ்லயும் அதே பாட்டு. ஆக, தட்டுக்குப் பதிலா டிடிஎஸ்ஸு. பேரு மாறிருக்கு, பிடிக்கிறது மாறல. பஞ்சவர்ணம்தான் "கெவருமெண்டே உங்கிட்ட கை நீட்டுதுன்னா நீ பெரிய ஆளுதான்யா"ன்னா. பெரிய ஆளு. பெரிய ஆளுக்குச் செலவும் பெருசு. காலேஜ்ல குடுக்குற மைதா ரப்பர் மாதிரி இழுக்கும், இவனே நல்ல மைதா வாங்கிட்டுப் போவான், எண்ணெய் வாங்குவான், டிவிஎஸ்ஸுக்குப் பெட்ரோலு. அப்பத்தான் ஜெராக்ஸ் கடைக்காரரு ஒருத்தரு, கேக்காமயே புத்தி சொல்ற ஆளு, "பில்லு எல்லாத்தையும் பத்திரமா வையிங்க, பில்லு இல்லன்னா வந்த காசு முழுசுக்கும் வரி போட்டுத் தீட்டிருவாங்ய"ன்னு சொல்லிட்டாரு. அன்னையில இருந்து சோணைமுத்து பில்லு பைத்தியம். ஆனா பரோட்டாக்காரன் கையில பில்லு தங்குமா? தொட்டா எண்ணெய். எண்ணெய் பட்ட எடத்துல தாளு கண்ணாடி ஆயிருது, எழுத்து மெதக்குது. அம்பது ரூவா பில்லா ஐநூறு ரூவா பில்லான்னு பில்லுக்கே தெரியாது. அதனால வருசக் கடைசியில ஒரு நாளு, இருக்குற பில்லு ரசீது எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயி அதே ஜெராக்ஸ் கடையில, அந்த மகராசன் வெளியூரு போயிருந்த நேரம் பாத்து, கடையில இருந்த அவரு மச்சினன்கிட்ட, "அம்புட்டையும் லேமினேசன் போடு, எண்ணெய் என்ன, வெள்ளமே வந்தாலும் அழியக் கூடாது"ன்னு குடுத்துட்டு வந்தான்.

அந்த நெனப்பு வந்ததும் கையி தானா பைக்குள்ள போச்சு. வழுவழுன்னு, குளுகுளுன்னு. எடுத்துப் பாக்கல. பாத்தா என்ன, அதேதான இருக்கும். மறுநாளு அந்த மச்சினன் குடுத்த கட்டப் பிரிச்சா அறுவத்தி மூணு பில்லும் கருப்பு. சும்மா கருப்பு இல்ல, தோசைக்கல்லு கருப்பு. சூடு பட்டா கருத்துப்போற தாளாம் அது, பெட்ரோல் பங்குல, சூப்பர் மார்க்கெட்டுல குடுக்குறது பூராம் அந்தத் தாளுதானாம். "மிசினு சூடா இருக்கும்ணே, உங்களுக்குத் தெரியாதா"ங்குறான். ஒருத்தன் வாழ்க்கை பூரா சூட்டோடயே நின்னுருக்கான், அவங்கிட்ட வந்து சூடு தெரியாதான்னு கேக்குறான். அதுல கூத்து என்னன்னா, அறுவத்தி மூணும் கருத்தப்ப செலவுப் பில்லுல ஒண்ணே ஒண்ணு பளிச்சுன்னு பொழச்சுச்சு, லேமினேசன் போட்டதுக்கு அந்த மச்சினன் கையால எழுதிக் குடுத்த பில்லு. ஆமா, அதையும் இவன் லேமினேசன் போட்டான், ஆசை. பீரோவுக்கு அடியில ஒளிச்சு வச்சிருந்தத பஞ்சவர்ணம் கூட்டுறப்ப எடுத்துட்டா, ஒண்ண வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்து, மொகம் வெளுத்துப் போயி, "யாருக்குய்யா எக்ஸ்ரே எடுத்த, எங்கிட்ட எதையும் மறைக்கிறியா"ன்னு கேட்டா. இல்லடி, எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டான். பில்லுக்குத்தான் சீக்குன்னு சொல்லல. பில்லு இல்லன்னா முழுசுக்கும் வரி. முழுசுன்னா ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம். அதுக்கு வரி பதினாலாயிரத்து நானூறு. சரியாத்தான் கணக்குப் போட்டிருக்காங்ய. ஆறு மணி. கல்லு. அந்தக் கல்லுக்கு முன்னால நின்னா இடுப்புக்கு மேல தீயி, இடுப்புக்குக் கீழ சாக்கடத் தண்ணி, அங்க யாரும் எந்திரிச்சு நிக்க மாட்டாங்ய, ஏன்னா அங்க யாருக்கும் ஒக்காரவே எடம் கெடையாது.

"அண்ணே, வாங்க." ஃபர்சானா கூப்புட்டா. எந்திரிச்சான். தடுப்புக்கு அந்தப் பக்கம் போயி ஒக்காந்து, நேரா கட்டப்பையத் தூக்கி மேசையில கவுத்துட்டான். சளசளன்னு சரிஞ்சு விழுந்துச்சு அம்புட்டும். அந்தப் பொண்ணு ஒண்ண எடுத்துத் திருப்பிப் பாத்தா, இன்னொண்ண எடுத்தா. "என்னண்ணே இது, கரி வியாபாரமா?" "பில்லும்மா." "பில்லா?" "லேமினேசன் போட்டேன். பாதுகாப்புக்கு." அவ ஒதட்டக் கடிச்சா, கண்ணுல தண்ணி வந்துருச்சு, அழுகுறாளோன்னு பாத்தா சிரிப்பு, வாய மூடிக்கிட்டுத் தலைய மேசையில வச்சு குலுங்குறா. "ஸாரிண்ணே, ஸாரி. இந்த ஆபீசுல பில்லக் கரையான் தின்னு பாத்திருக்கேன், ஆடு தின்னு பாத்திருக்கேன். பொறிச்செடுத்து இப்பத்தான் பாக்குறேன்." சோணைமுத்துக்கு ரோசம். "சிரிங்கம்மா. அந்தக் கரிக்குள்ள என் வருசம் இருக்கு. இப்ப எவ்வளவு கட்டணும், அத மட்டும் சொல்லிருங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ஒரு முடிவு எடுக்கணும்"னு செல்ல எடுத்து அந்த மெசேஜ நீட்டுனான். அவ வாங்கிப் படிச்சா. இவன் அவ மொகத்தப் படிச்சான், அதுலயும் ஒண்ணும் வெளங்கல, அது இங்கிலீச விடக் கஷ்டம்.

"இது கட்டச் சொல்லி வந்தது இல்லண்ணே"ன்னா. "உங்ககிட்ட பிடிச்ச காசு எங்ககிட்ட வந்து சேந்துருச்சுன்னு சொல்றாங்க. உங்க பேருல பதினாலாயிரத்து நானூறு அங்க இருக்கு." "அங்கன்னா?" "கெவருமெண்ட்கிட்ட." "அது அவங்ய எடுத்துக்கிட்டதும்மா." "இல்லண்ணே, கேளுங்க. வருசத்துக்கு உங்களுக்கு ரெண்டு லட்சத்துப் பதினாறாயிரம். வேற வருமானம் இருக்கா? இல்லைல்ல? இந்த அளவுக்கு வரியே கெடையாது. சைபர். பில்லே தேவையில்ல. செலவு ஒத்த ரூவா கழிக்காட்டாலும் சைபர்தான். அப்ப பிடிச்சது எல்லாத்தையும் திருப்பிக் குடுக்கணும்ல? நம்ம ஃபாரம் போட்டுக் கேக்கணும், அவங்க உங்க பேங்குல போட்ருவாங்க. கொஞ்சம் வட்டியும் வரும்." சோணைமுத்து அவளப் பாக்குறான். கையி நின்னுருச்சு. வட்டியும் வரும். திருப்பி. யாரு, கெவருமெண்டா? பத்தொம்பது வருசத்துல பிடிச்சது ஒண்ணாச்சும் திரும்பி வந்துருக்கா, தட்டுக் காசு வந்துச்சா, டீ காசு வந்துச்சா, காலண்டர் காசு வந்துச்சா. பிடிச்சா பிடிச்சதுதான், அதுதான உலகம். அந்த உலகத்துல ஒருத்தன் பிடிச்சு வச்சு, பத்திரமா வச்சு, உன் பேரு எழுதி வச்சு, வட்டியும் போட்டு, இந்தாய்யான்னு... "யம்மா, இன்னொருவாட்டி சொல்லுங்க." சொன்னா. "இன்னொருவாட்டி." "அண்ணே, டீ சொல்லவா?" அப்ப இந்த ஒரு வாரம்? அரிசி டிரம்மு, பேண்ட் சட்ட, நாலு பேரு? சும்மாவா? அந்த நாலு பேரும் கைய ஒதறிட்டு, ரெண்டு படி அரிசியக் கூட வச்சுட்டுப் போற மாதிரி ஒரு நெனப்பு வந்துச்சு. சிரிப்பு வந்துச்சு, சிரிக்கல. ஏன்னா அந்தப் பொண்ணு இப்ப புருவத்தச் சுருக்குறா.

"மூணு காலேஜ்னீங்க. இங்க ரெண்டுதான் காட்டுது. ஒவ்வொண்ணும் எழுவத்தி ரெண்டாயிரம், பத்து பர்சன்ட் ஏழாயிரத்து இருநூறு, ஏழாயிரத்து இருநூறு. மூணாவது எங்க?" மூணாவது மொட்டமாடிக் காலேஜு. ஒரு கல்யாண மண்டபத்துக்கு மேல தகரக் கொட்டாயி போட்டு நடத்துறாங்ய, இவன் வச்ச பேருதான் அது. "அங்கயும் மாசம் அறுநூறு பிடிச்சாங்யளே." "பிடிச்சாங்க, கட்டல போல. இல்ல கட்டுனத ஒழுங்கா எழுதிக் குடுக்கல." ஏழாயிரத்து இருநூறு. சரி, போகட்டும், பதினாலு வருதே, அதுவே சாமி குடுத்தது, மூணாவத விடு. அப்படித்தான் மொதல்ல தோணுச்சு, பத்தொம்பது வருசம் அப்படித்தான் தோணிப் பழக்கம், விடு, விடு, விடு. விட்டு விட்டுத்தான கல்லுக்கு முன்னால நின்னோம். அந்த மொட்டமாடிக் காலேஜு கணக்காளரு ஞானதுரை, மாசா மாசம் அறுநூற எடுத்துட்டு "கெவருமெண்ட் மாஸ்டர், நாம என்ன பண்றது"ன்னு பெருமூச்சு வேற விடுவாரு, தாலி அறுத்த வீட்டுக்கு வந்தவரு மாதிரி. "அவங்க பிடிச்சதுக்கு ஆதாரம் ஏதாச்சும் இருக்காண்ணே?"ன்னு ஃபர்சானா கேக்குறா. ஆதாரமா. அந்தக் கரிக் குமியல ரெண்டு கையாலயும் பொரட்டுறான், அடியில, வெள்ளையா, வரிசையா பன்னெண்டு. ஒவ்வொரு மாசமும் ஞானதுரை பேனாவால எழுதி, அறுநூறு பிடித்தம்னு போட்டு, முத்திர குத்தி, கையெழுத்துப் போட்டுக் குடுத்த ரசீது. பேனா மைக்கு சூடு ஒண்ணும் பண்ணல. பன்னெண்டும் வாட்டர் புரூஃப். ஃபர்சானா ஒண்ண நகத்தால சொரண்டிப் பாத்தா. "அண்ணே, வெள்ளமே வந்தாலும் இவரு தப்பிக்க முடியாது. போனப் போடுங்க. ஸ்பீக்கர்ல."

போட்டான். "மாஸ்டர், வணக்கம், வணக்கம்"னாரு ஞானதுரை. "வணக்கம்ணே. ஆடிட்டர் ஆபீசுல ஒக்காந்திருக்கேன். எங்கிட்ட பிடிச்ச ஏழாயிரத்து இருநூறு இங்க வந்து சேரலையே, வழியில எங்கயாச்சும் எறங்கிருச்சா?" அந்தப் பக்கம் ஒரு இருமலு. "அது மாஸ்டர், சர்வர் பிரச்சனை, வந்துரும், ரெண்டு மூணு மாசத்துல." "ரெண்டு மூணு மாசம் மாவ ஊறப்போட்டா என்னாகும் தெரியுமாண்ணே? நாறும். நான் மாவுல உப்புக் கம்மின்னா ஒரு விள்ளல்ல சொல்லிருவேன். உங்க கணக்குல உப்பே இல்ல." "என்ன மாஸ்டர், படிச்ச ஆளுக பாக்குற வெவகாரம் இது, உங்களுக்கு இதெல்லாம்..." அங்கனதான் நின்னுச்சு சோணைமுத்துக்கு. படிச்ச ஆளுக. மண்டைக்குள்ள ஒரு கரண்டி விழுந்த சத்தம். கோவம் வரும்னு பாத்தான், வரல, அதுக்குப் பதிலா மாவ வீசுறதுக்கு முன்னால வருமே ஒரு அமைதி, கையி காத்துல நிக்கிற அந்த அர நொடி, அது வந்துச்சு. "ஆமாண்ணே, நான் படிக்கல. நீங்க படிச்சிருக்கீங்க, அதனாலதான் கையெழுத்து அம்புட்டு அழகா இருக்கு. பன்னெண்டு மாசக் கையெழுத்தும் எங்கிட்ட லேமினேசன் போட்டு இருக்கு. ஒண்ண உங்க பிரின்சிபால் ரூம்ல மாட்டவா, ஒண்ண நோட்டீஸ் போர்டுல மாட்டவா? மிச்சம் பத்து இருக்கு, வெள்ளிக்கெழம கிளாஸ்ல பிள்ளைகளுக்கு ஆளுக்கொண்ணாப் பாக்கக் குடுக்கிறேன்." ஃபர்சானா போன இழுத்து, "சார், ஆடிட்டர் ஆபீசுல இருந்து ஃபர்சானா பேசுறேன். பிடிச்ச காச கட்டாம வச்சிருந்தா வட்டி, ஃபைனு, அதுக்கு மேல கேஸு வரைக்கும் போகும்னு உங்களுக்குத் தெரியாதா? அண்ணன் புகார் எழுதச் சொல்றாரு, எழுதவா?"ன்னா. சோணைமுத்து அப்படி ஒண்ணும் சொல்லவே இல்ல. ஆனா எழுதுன்னு தலையாட்டுனான். "வேணாம்மா, வேணாம்"னாரு ஞானதுரை. "இன்னைக்கே கட்டிர்றேன், ஒரு மணி நேரத்துல சலான் அனுப்புறேன்." "கட்டிட்டு, அண்ணன் பேரு, பேன் கார்டு நம்பரு போட்டு ரிட்டர்னும் குடுத்துருங்க சார். ஒரு வாரம் டயம்."

அந்த ஒரு மணி நேரத்துல ரெண்டு டீ வந்துச்சு, ரெண்டுக்கும் ஃபர்சானா காசு குடுத்தா. ரெண்டாவது டீக்குக் காசு பிடிக்கல. பயம் போன எடம் காலியா, கல்யாணம் முடிஞ்ச மண்டபம் மாதிரி, நடந்தா சத்தம் கேக்குற மாதிரி இருந்துச்சு. அதுல என்னென்னமோ வந்து ஒக்காருது. இருவத்தோராயிரத்து அறுநூறு. பஞ்சவர்ணத்துக்கு ஒரு மிக்சி. இல்ல, மொதல்ல, வீட்டுல படுத்துக் கெடக்குற டிவிஎஸ்ஸுக்கு டயரு. இல்ல, ஒண்ணும் வாங்கக் கூடாது, பேங்குல அப்படியே கெடக்கட்டும், தெனம் ஒரு தடவ போயி பாஸ்புக்குல பாத்துட்டு வரணும், கெவருமெண்ட் போட்டதுன்னு. ஃபர்சானா ஃபாரத்துல ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டு வந்தவ, "தொழில் என்ன போடட்டும்ணே? சமையல்னு போடவா?"ன்னா. சமையல். இருவத்தாறு வருசம் அதுதான. சொல்ல வாயெடுத்தான், வரல. வாத்தியாருன்னு சொல்லணும். சொன்னா சிரிப்பாளா? சிரிக்கட்டும், கரிக்கே சிரிச்சவ. ஆனா வாத்தியாருன்னா அது படிச்சவங்யளாச்சே, பேனா வச்சிருப்பாங்யளே, இவங்கிட்ட இருக்குறது உருட்டுக்கட்ட. ஆனா மாவ எப்ப வீசணும், எப்ப வீசக் கூடாது, காத்து அடிக்கிற நாள்ல எண்ணெய் எவ்வளவு, மழ நாள்ல தண்ணி எவ்வளவு, அத எந்தப் பேனாக்காரன் சொல்லிக்குடுப்பான்? ஒரு புள்ள, போன மாசம், நாலு வாரமா வீசி வீசிக் கிழிச்சுக்கிட்டே இருந்தது, அஞ்சாவது வாரம் அது கையில மாவு முழுசா விரிஞ்சப்ப, "சார்!"னு ஒரு கத்து கத்துச்சே, யாரப் பாத்துக் கத்துச்சு? பின்னால செவுரு இல்லையே. "பயிற்சி குடுக்கிறவரு"ன்னான் சோணைமுத்து. குரலு கொஞ்சம் சத்தமா வந்துருச்சு. "சொந்தமா." ஃபர்சானா சிரிக்கல. தட்டுனா. "போட்டாச்சுண்ணே. மூணாவது காலேஜு கணக்கு ஏறுனதும் நானே அனுப்பிர்றேன். எங்க ஃபீசு ஐநூறு." குடுத்தான். "ரசீது வேணுமா?"ன்னு கேட்டா. "பேனால எழுதிக் குடுங்க"ன்னான். அப்பத்தான் அவன் செல்லு டிங்குன்னுச்சு, ஞானதுரை அனுப்புன சலானு. ஃபர்சானா பாத்துட்டு கட்டவெரலத் தூக்கிக் காட்டுனா. கட்டவெரலு. அவன் கட்டவெரலு எங்கன்னு பாத்தான், மேசையில சும்மா கெடந்துச்சு.

படி எறங்கி ரோட்டுக்கு வந்தா மதியான வெயிலு பொளக்குது, அவனுக்கு என்னமோ நெலா மாதிரி இருந்துச்சு. பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டே மொதலாளிக்குப் போன் அடிச்சான். மூணு மணிக்கு பைபாஸ் ரோட்டுல இருக்குற காலேஜ்ல கிளாசு, பஸ்ஸு வர்றதுக்குள்ள சொல்லிரணும். "என்னடா, கெளம்பிட்டியா?"ன்னாரு காசிலிங்கம் மொதலாளி. "கெளம்பிட்டேன் மொதலாளி. கிளாசுக்கு." "டேய், ஆறு மணிக்கு மேல நான் மனுசனா இருக்க மாட்டேன்." "அதுக்கு முன்னால மட்டும் என்னவாம்"னு மனசுக்குள்ள வந்துச்சு, பத்தொம்பது வருசமா மனசுக்குள்ளயே வந்து மனசுக்குள்ளயே போனது, இன்னைக்கு வாய்க்கே வந்துருச்சு. மொதலாளி திட்டுவாருன்னு பாத்தா, எறங்குன குரல்ல, "கல்லுல நிக்க ஆளே இல்லடா சோண. வர்றவன் பூராம் பரோட்டாவ அப்பளமாப் போடுறான். நான் என்னதான் பண்றது"ன்னாரு. சோணைமுத்துக்கு அந்தக் குரலு புதுசு. பஸ்ஸு தூரத்துல வளைஞ்சு திரும்புது. "ஆளப் பிடிச்சு வையிங்க மொதலாளி. ஞாயித்துக்கெழம காலையில வந்து சொல்லிக்குடுக்கிறேன், நாலு வாரம். அதுக்கு ஃபீசு உண்டு, ஆறாயிரம்." "எங்கிட்டயே ஃபீசாடா? பத்தொம்பது வருசம் சோறு போட்டவன்கிட்ட?" "ஆமா மொதலாளி. கணக்கா, கையெழுத்தோட குடுக்கணும்." "பிடித்தம் போகத்தான் குடுப்பேன்"னாரு மொதலாளி, பழைய வீம்புல. பஸ்ஸு வந்து நின்னுச்சு. சோணைமுத்து ஒரு காலப் படியில வச்சான், கம்பியப் பிடிச்சான், கண்டக்டரு விசில் ஊதுறதுக்குள்ள போன்ல சொன்னான், பஸ்ஸுல இருந்த அம்புட்டுப் பேருக்கும் கேக்குற மாதிரி. "பத்து பர்சன்ட் நல்லாப் பிடிங்க மொதலாளி. நான் திரும்ப வாங்கிக்கிறேன்."